நூல் சுற்றிய கையும் கார்க் ஒட்டும் கையும்

புல்லாங்குழலை விட்டால், நம் காதில் விழும் காற்று வாத்தியங்கள் பெரும்பாலும் ஒரே துண்டாக இருப்பதில்லை. வாயில் வைக்கும் பகுதி தனி, உடல் தனி. இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை அளவு இடைவெளி விழுந்தாலும் காற்று கசியும். கசிந்தால் நாதம் மெலியும், கீழ் ஸ்வரங்கள் எழும்பாது, சுருதி ஓரிடத்தில் நிற்காது. வித்வான் எவ்வளவு சாதகம் செய்தவராக இருந்தாலும் அந்த ஒரு விரற்கடை இடம் ஒழுங்காக இல்லாவிட்டால் கச்சேரி இல்லை.

நாதஸ்வரக்காரர்கள் அந்த இடத்தை நூலால் அடைத்தார்கள். கிளாரினெட், சாக்ஸபோன் வாசிப்பவர்கள் கார்க்கால் அடைக்கிறார்கள். திருவள்ளூர், திருத்தணி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாக நடந்த மாற்றத்தை இந்த ஒரு விரற்கடை இடத்தை வைத்தே சொல்லலாம். வாத்தியம் மாறியது, மாறிய வாத்தியத்தோடு அதைப் பழுதுபார்க்கும் கையும் மாறியது. இசைக்கலைஞரிடம் இருந்த வேலை கடைக்குப் போனது. அது மறுபடி கலைஞரிடம் வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மேளம் ஒலித்த வட்டாரம்

இந்த மாவட்டத்துக்கு இசைப் பழமை உண்டு. திருவாலங்காட்டைப் பாடிய காரைக்கால் அம்மையார் தம் பதிகத்தில் ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும், தக்கை, வீணை, மத்தளம், குடமுழா என்று வாத்தியங்களின் வரிசையையும் வைத்திருக்கிறார். இரத்தின சபை என்று போற்றப்படும் அந்தத் தலம் திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையில் இருக்கிறது.

திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயிலில் அமாவாசைதோறும் கூட்டம் நிறையும். திருத்தணி முருகன் மலையில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் 365 படிகளிலும் நிரம்பி வழியும். கும்மிடிப்பூண்டி பக்கத்துச் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் சென்னையிலிருந்தே ஜனம் திரளும். அம்மன் கோயில்களில் ஆடி மாதம் பம்பையும் உடுக்கையும் ஓயாது. சுவாமி புறப்பாடு என்றால் கம்பீர நாட்டையில் மல்லாரி, கல்யாணம் என்றால் கெட்டிமேளம், காது குத்து என்றால் ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலுமாவது என்றிருந்த ஊர்கள் இவை.

இது எல்லைப் பகுதியும்கூட. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் தெலுங்கு நாடு. அங்கே நாதஸ்வரத்துக்குச் சன்னாயி என்று பெயர். அந்தச் சன்னாயி மரபில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா தஞ்சாவூர்ப் பாணியைத் தேடித் தெற்கே வந்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, தமிழ்நாடு கொண்டாடிய நாதஸ்வர வித்வான்களில் ஒருவரானார். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே சீவாளி, ஒரே நூல்தான்.

அன்று: மூன்று சுற்று நூல்

நாதஸ்வரத்தின் உடலுக்கு உலவு என்று பெயர். அடியில் விரியும் பகுதி அணசு. மேலே சிறு உலோகக் குழாயாகக் கெண்டை. கெண்டையின் தலையில் சீவாளி. உலவு ஆச்சா மரத்தில் கடையப்படும். பழைய வீடுகளில் பல பத்தாண்டுகள் கிடந்து முற்றிய மரத்துக்கு ஆசாரிகளிடம் தனி மதிப்பு. தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்திலேயே இருக்கும் திருவாவடுதுறை சீவாளிக்குப் பேர்போனது. ஆற்றங்கரையில் விளையும் கொருக்கைத் தட்டை என்ற நாணலைப் பக்குவப்படுத்தி, வேகவைத்து, சீவி, கட்டி அதைச் செய்கிறார்கள்.

உலவும் சீவாளியும் காவிரிக் கரையிலிருந்து வந்தாலும், இரண்டையும் சேர்க்கிற வேலை வாசிப்பவருடையது. கெண்டையின் அடிப்பகுதியில் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி உலவின் வாயில் செருகுவார். தளர்ந்தால் இன்னும் இரண்டு சுற்று, இறுகினால் ஒரு சுற்று குறைவு. ஊதும்போது வாயின் ஈரம் நூலில் ஏறும். நூல் சற்றே பருத்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். சுருதி கூட வேண்டுமானால் கெண்டை கொஞ்சம் உள்ளே இறங்கும், குறைய வேண்டுமானால் கொஞ்சம் வெளியே வரும். நூல் சுற்றின் கனம்தான் அந்த ஆழத்தைத் தீர்மானிக்கும்.

இன்னொரு அடைப்பும் உண்டு. நாதஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே விரல் படாத துளைகள் ஐந்து. இந்த ஐந்தில் தேவையானதை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். நூல், மெழுகு, சீவாளியைத் திறக்கவும் துடைக்கவும் ஓர் ஊசி, மாற்றுவதற்குச் சில சீவாளிகள். ஊசியும் சீவாளிகளும் வாத்தியத்திலேயே சரத்தில் தொங்கும். அதாவது பழுதுபார்க்கும் பட்டறை முழுவதும் வாசிப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

சிஷ்யன் முதலில் கற்றதும் இதைத்தான். சரளி வரிசை ஒரு பக்கம் நடக்கும். இன்னொரு பக்கம் குருவின் வாத்தியத்தைத் துடைத்து, சீவாளியை நனைத்து, நூலைச் சுற்றிக் கொடுக்கும் வேலை நடக்கும். “தம்பி, தளருது பாரு, இன்னொரு சுத்து போடு” என்று ஆசான் சொன்னால், எந்த அளவு போட வேண்டும் என்பதைப் பையனின் விரல் சொல்ல வேண்டும். காற்று எங்கே கசிகிறது என்பதைக் காதால் கண்டுபிடிக்கும் பயிற்சியும் அதிலேயே சேர்ந்தது. வாசிப்பும் பராமரிப்பும் இரண்டு தொழில்களாகப் பிரியாத காலம் அது.

வாத்தியத்தையே மாற்றியமைக்கும் துணிவும் அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததுதான். முன்பு வழக்கில் இருந்தது திமிரி. குட்டையானது, சுருதி கூடியது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரத்தைச் செம்மைப்படுத்தினார். வித்வான் வாசித்துக் காட்டுவார், ஆசாரி கடைந்து பார்ப்பார், மறுபடி வாசிப்பு, மறுபடி கடைசல். இன்று நாம் கேட்கும் கம்பீரமான நாதம் அந்தக் கூட்டு வேலையின் பலன்.

கிளாரினெட் வந்த வழி

நியூரம்பெர்க் நகரத்து வாத்தியக் கைவினைஞர் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய வாத்தியம் கிளாரினெட். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் அரண்மனையில் மேனாட்டு பேண்டு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்துக்குள் கிளாரினெட்டைக் கொண்டுவந்தவராக மகாதேவ நட்டுவனாரைச் சொல்வார்கள். முகவீணை இருந்த இடத்தில் கிளாரினெட் உட்கார்ந்தது. பிறகு தனிக் கச்சேரி மேடைக்கும் ஏறியது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதில் ராக ஆலாபனையும் கீர்த்தனையும் வாசித்து, கிளாரினெட் என்றாலே அவர் என்னும்படி செய்தார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

சாக்ஸபோன் இன்னும் பிந்தியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கர்நாடக சங்கீதத்தில் அதை நிலைநாட்டியவர் கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக்காரரின் மகனான அவர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்பால் ஈர்க்கப்பட்டவர். 1994-இல் வந்த ‘டூயட்’ படத்தில் அவர் வாசித்தது தமிழ்நாட்டின் கடைக்கோடிக் கிராமம் வரை சாக்ஸபோனின் குரலைக் கொண்டுபோனது. 2019 அக்டோபரில் அவர் மறைந்தார்.

மேடையில் இவர்கள் வாசித்துக்கொண்டிருக்க, தெருவில் இன்னொரு வரலாறு நடந்தது. பேண்டு செட் வந்தது. மாப்பிள்ளை அழைப்பு, தேவாலயத் திருவிழா, கட்சி ஊர்வலம், இறுதி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் டிரம்பெட், கிளாரினெட், டிரம். காவல்துறை பேண்டுகளிலும் கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் நிலையான இடம் உண்டு. சென்னையை அடுத்திருக்கும் இந்த வட்டாரத்துக்குப் பட்டணத்து பேண்டு பழக்கம் சீக்கிரமே வந்து சேர்ந்தது. பேண்டோடு சேர்ந்து கார்க்கும் வந்தது.

கார்க் என்ன செய்கிறது

மேனாட்டு வாத்தியங்களிலும் தொடக்கத்தில் இணைப்புகளில் நூல்தான் சுற்றினார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பழைய மரக் கிளாரினெட்களின் இணைப்புகளில் மெழுகு பூசிய நூல் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில்தான் கார்க் அந்த இடத்துக்கு வந்தது. நரசிங்கம்பேட்டை உலவுக்கும் நியூரம்பெர்க் கிளாரினெட்டுக்கும் ஒரு காலத்தில் ஒரே தீர்வுதான் இருந்தது.

கார்க் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலக உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி போர்ச்சுகல் நாட்டிலிருந்து கிடைக்கிறது. மரத்துக்குச் சுமார் 25 வயது ஆனபிறகே முதல்முறை பட்டை உரிப்பார்கள். அடுத்த உரிப்புக்கு ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மரத்தை வெட்டுவதில்லை, பட்டை மறுபடி வளர்ந்துகொள்ளும். 1665-இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தது கார்க்கின் சீவலைத்தான். அதில் தெரிந்த அறைகளுக்கு அவர் வைத்த பெயர்தான் உயிரியலில் ‘செல்’ ஆனது. அந்த நுண்ணறைகளில் காற்று அடைபட்டிருக்கிறது. அதனால் அமுக்கினால் கார்க் சுருங்கும், விட்டால் எழும். ரப்பரை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும். கார்க் அப்படிப் பெரிதாகப் பிதுங்குவதில்லை. தண்ணீரையும் காற்றையும் எளிதில் விடுவதில்லை. அடைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இயற்கைப் பொருள் அரிது.

கிளாரினெட்டில் நான்கு இடங்களில் கார்க் வளையம் உண்டு: ஊதுவாயின் அடியில் ஒன்று, மேல் துண்டின் இரு முனைகளிலும் இரண்டு, கீழ்த் துண்டின் அடியில் ஒன்று. சாக்ஸபோனில் வளைந்த கழுத்தின் முனையில் ஒன்று. சாக்ஸபோனில் அந்த ஒன்றுதான் சுருதியைக் கட்டுப்படுத்தும் இடம். ஊதுவாயை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். மேனாட்டு வாத்தியக் குழுவில் எல்லோரும் ஒரு பொது அளவுக்குச் சேர்ந்துகொள்வார்கள். நம் கச்சேரியில் சுருதிப் பெட்டியோடும் தவிலோடும் இழைய வேண்டும். வெயிலில் வாத்தியம் சூடானாலும் சுருதி நகரும். அதைச் சரிக்கட்ட ஊதுவாயை ஒரு நெல்லளவு நகர்த்தி, நகர்த்திய இடத்திலேயே நிற்கவைக்க வேண்டும். தளர்ந்த கார்க்கில் அது நிற்காது. பாட்டின் நடுவில் ஊதுவாய் தானாகத் திரும்பும், வாசிப்பவர் உதட்டால் சமாளிக்கப் பார்ப்பார், கேட்பவர் காதில் அபசுரம் விழும்.

இன்று: தொழிற்பேட்டை நடுவே ஒரு வாத்தியம்

இன்றைய கும்மிடிப்பூண்டி வேறு ஊர். சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகளும் உருட்டாலைகளும் வரிசையாக நிற்கின்றன. சென்னையிலிருந்து வரும் புறநகர் ரயிலில் தமிழ், தெலுங்கோடு இந்தியும் ஒடியாவும் வங்காளமும் காதில் விழுகின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில் கல்யாண மண்டபங்கள் பெருகிவிட்டன. கல்யாணங்களுக்குக் குறைவில்லை. வாசிப்பவர்களுக்கு வேலைதான் சுருங்கிவிட்டது.

மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியில் ஒலிபெருக்கி வருகிறது, கேரளத்துச் செண்டை மேளம் வருகிறது. நாதஸ்வரம் முகூர்த்த நேரத்துக்கு மட்டும். வரவேற்பில் சாக்ஸபோன்காரர் சினிமாப் பாட்டு வாசிக்கிறார், பின்னால் பதிவுசெய்த தாளம் ஓடுகிறது. பல கோயில்களில் பூஜை நேரத்துக்கு மோட்டாரில் ஓடும் மணியும் முரசும் பொருத்திவிட்டார்கள். சுருதிக்காக ஒத்து ஊத ஒருவர் மேளத்தோடு வந்த காலம் போய்விட்டது, மின்சுருதிப் பெட்டி அவர் இடத்தில் இருக்கிறது. பழைய மேளத்தில் வளரும் பையன்கள் தொடங்கும் இடமே ஒத்துதான். அந்தப் படிக்கட்டு போனதும், குருவின் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றக் கற்கும் வாய்ப்பும் சேர்ந்து போனது.

கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசிப்பவர்களின் நிலை இன்னொரு விதம். வாத்தியம் கடையில் வாங்கியது, பெட்டியோடு வந்தது. அதைச் செய்த கையை வாங்கியவர் பார்த்ததே இல்லை. நரசிங்கம்பேட்டை ஆசாரியிடம் போய் “இந்த மத்தியமம் சேரலை” என்று சொல்ல முடியும். எந்த நாட்டுத் தொழிற்சாலையிலோ செய்யப்பட்ட சாக்ஸபோனைப் பற்றி யாரிடம் சொல்வது? கார்க் காய்ந்து பொடிந்தால் சென்னை அண்ணா சாலைப் பக்கத்து வாத்தியக் கடைகளையோ, பழுதுபார்க்கும் ஒருசிலரையோ தேடிப் போக வேண்டும். முகூர்த்த மாதத்தில் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் பட்டணம் போய்வருவது இந்தத் தொழிலில் இருப்பவருக்குச் சிறிய செலவில்லை. அதனால் பலர் அவசர வைத்தியத்தோடு காலம் தள்ளுகிறார்கள். கார்க்கின் மேல் காகிதத்தைச் சுற்றுவது, குழாய் மாட்டுபவர்கள் வைத்திருக்கும் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றுவது. ஒரு கச்சேரிக்கு இது தாங்கும். அடுத்த மாதமும் அதையே நம்பினால், கார்க் இன்னும் நசுங்கி, கசிவு பழகிப்போய், கசிகிற வாத்தியத்துக்கு ஏற்ப உதடும் மூச்சும் கெட்டுப் பழகும். அது கார்க்கை மாற்றுவதைவிடப் பெரிய பழுது.

காற்று கசியாமல், எண்ணெய் ஒழுகாமல் இணைப்பை அடைப்பது இந்தத் தொழிற்பேட்டையில் அன்றாட வேலை. மின்மாற்றியின் மூடிக்கும் இயந்திர இணைப்புக்கும் கார்க்கும் ரப்பரும் கலந்த காஸ்கெட் போடும் ஃபிட்டர்கள் இங்கே ஏராளம். அளவுகோலும் உப்புத்தாளும் பிடிக்கத் தெரிந்த ஐ.டி.ஐ. பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர். அதே ஊரில் ஒரு சாக்ஸபோனின் கழுத்துக்குக் கார்க் ஒட்ட ஆள் இல்லை என்பது திறமைக் குறைவால் வந்ததில்லை. இந்த வேலையை யாரும் அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கையால் செய்யக்கூடிய வேலைதான்

கார்க் மாற்றுவது ரகசியக் கலை இல்லை. பொறுமையும் கூரிய பிளேடும் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

முதலில் பழைய கார்க்கை முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் பழைய பசையும் போக வேண்டும். அங்கேதான் பலர் அவசரப்படுவார்கள், புதுக் கார்க் ஒரு மாதத்தில் கழன்று வரும். சுரண்டிய இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்ய வேண்டும். வாத்தியத்தின் உடலோ ஊதுவாயோ பிளாஸ்டிக் ஆனால் தின்னரைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, கரைத்துவிடும். எபோனைட் என்ற கெட்டி ரப்பர் ஆனால் சூடு காட்டக் கூடாது, வடிவம் கெடும், நிறமும் மங்கும்.

அடுத்து கார்க் தகடு. சாக்ஸபோன் கழுத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கனம் பொதுவாகப் பொருந்தும். கிளாரினெட்டுக்கு அதைவிட மெல்லியது. தகட்டில் குழியும் வெடிப்பும் குறைவாக இருக்க வேண்டும். இணைப்பின் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, ஒரு முனையைச் சரிவாகச் சீவ வேண்டும். சுற்றி வரும்போது மறுமுனை அந்தச் சரிவின் மேல் ஏறிப் படியும், இடைவெளி விழாது.

பசை பூசுவதில் காலம் மாறியிருக்கிறது. பழைய பழுதுபார்ப்பவர்கள் ஸ்பிரிட் விளக்கில் அரக்கை உருக்கி ஒட்டினார்கள். உலகம் முழுவதும் வாத்தியக்காரர்கள் பயன்படுத்திய அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து போனது. இன்று செருப்புக் கடையிலும் தச்சுப் பட்டறையிலும் புழங்கும் ரப்பர் பசையே போதும். உலோகம் அல்லது மரத்தின் மேலும், கார்க்கின் அடியிலும், சீவிய சரிவின் மேலும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவு காயவிட வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். பிறகு ஒரே முறையில் நேராகச் சுற்றி அழுத்த வேண்டும். பட்ட இடத்தில் பிடித்துவிடும், நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை.

கடைசியில் உப்புத்தாள். முதலில் 220, முடிவில் 400. சுற்றிலும் சமமாகத் தேய்த்து, அடிக்கடி ஊதுவாயைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இங்கேதான் காதும் விரலும் வேலை செய்யும். கார்க் கிரீஸ் சிறிது தடவி, லேசாகத் திருகினால் ஊதுவாய் ஏறக்குறைய பாதி தூரம் ஏற வேண்டும். ஏறியபின் ஆடக் கூடாது. அதிகமாகத் தேய்த்துவிட்டால் கார்க்கைத் திரும்ப வளர்க்க முடியாது, எல்லாம் முதலிலிருந்து. ஒரு முனையை உள்ளங்கையால் மூடி மறுமுனையில் மெல்ல ஊதினால் கசிவு தெரிந்துவிடும். நூல் சுற்றிய ஆசான் செய்த சோதனையும் இதுதான்.

பராமரிப்பும் எளிது. வாசித்து முடித்ததும் ஊதுவாயைக் கழற்றி வைக்க வேண்டும். மாட்டியபடியே பெட்டியில் கிடந்தால் கார்க் நசுங்கியே பழகிவிடும். வைகாசி வெயிலில் வண்டிக்குள் வாத்தியத்தைப் பூட்டி வைக்கக் கூடாது. பழவேற்காடு, பொன்னேரிப் பக்கம் கடல் ஈரத்தில் வாசித்து வந்தால் துடைத்து உலரவிட வேண்டும்.

எது வந்தது, எது போனது

கார்க் நூலைவிட வசதியானது. ஒழுங்காக ஒட்டினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும், வாசிப்பவர் ஒவ்வொரு கச்சேரிக்கும் அதைக் கவனிக்க வேண்டியதில்லை. இன்று செயற்கைக் கார்க்கும் வந்துவிட்டது. அது எளிதில் பொடிவதில்லை. கிளாரினெட்டும் சாக்ஸபோனும் நம் இசைக்குப் புதிய குரல்களைத் தந்திருக்கின்றன. ஏ.கே.சி. நடராஜனையும் கத்ரி கோபால்நாத்தையும் கேட்டவர்கள் அந்த வரவுக்காக வருந்த மாட்டார்கள்.

போனது வேறு. நூல் சுற்றிய கலைஞருக்குத் தன் வாத்தியத்தின் உள்ளும் புறமும் தெரிந்திருந்தது. நாதம் ஏன் மெலிகிறது என்று கேட்டால் அவர் கை நேராகக் கசியும் இடத்துக்குப் போகும். அந்த அறிவு இருந்ததால்தான் ராஜரத்தினம் பிள்ளை ஆசாரியோடு உட்கார்ந்து வாத்தியத்தையே புதுக்க முடிந்தது. வாசிப்பவரும் பழுதுபார்ப்பவரும் வேறு வேறு ஆளாகி, இருவருக்கும் நடுவில் 50 கிலோமீட்டர் விழுந்துவிட்ட இடத்தில் அப்படிப்பட்ட புதுமை பிறக்காது. கிளாரினெட்டும் சாக்ஸபோனும் நம் கமகத்துக்கு ஏற்ப இன்னும் எவ்வளவோ திருத்தப்படலாம். திருத்துவதற்கு முதலில் திறந்து பார்க்கத் தெரிய வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். நாதஸ்வரமும் தவிலும் கற்பிக்கும் அரசு இசைப் பள்ளிகளில் சீவாளி, கெண்டை, நூல், மெழுகு வேலை தனிப் பாடமாக, தேர்வோடு சேர்ந்த பாடமாக வர வேண்டும். கிளாரினெட், சாக்ஸபோன் கற்றுத் தருபவர்கள் மாணவனின் முதல் ஆண்டிலேயே ஒரு கார்க்காவது அவன் கையால் ஒட்டவைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி, அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தொழிற்பயிற்சிப் பிள்ளைகளில் இசையில் ஆர்வமுள்ள சிலருக்கு வாத்தியப் பழுதுபார்ப்பைக் காட்டிக்கொடுக்க வேண்டும். மாவட்டத்துக்கு இரண்டு பேர் இந்தத் தொழிலில் நின்றால் போதும். கோயில் மேளமும் பேண்டு செட்டும் காவல்துறை பேண்டும் அவர்களுக்குப் போதிய வேலை கொடுக்கும்.

வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு முழக் கார்க் தகடு, ஒரு சின்னப் பசைக் குப்பி, இரண்டு உப்புத்தாள். இவற்றை இன்றே வாத்தியப் பெட்டியில் போட்டுவையுங்கள். முதல் முறை கோணலாக வரும், இரண்டாம் முறை நேராக வரும். அதன்பிறகு உங்கள் சுருதி உங்கள் கையில்.